மறுமுனையில் யார்?

தொகை எழுத வேண்டிய கட்டத்தில் கணக்கு எண்ணை எழுதிவிட்டார் ஓர் ஊழியர். நடந்த தவறு அவ்வளவுதான்.

2021 மே மாதம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு கிரிப்டோ.காம் நிறுவனம் 100 டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. போய் விழுந்ததோ 1,04,74,143 ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 60 கோடி ரூபாய். இதைவிட வேடிக்கை, நிறுவனத்தில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. ஜூன் போனது, தீபாவளி போனது, டிசம்பரில் தணிக்கைக்காகக் கணக்கைப் புரட்டியபோதுதான் ஓட்டை தெரிந்தது. அந்தப் பணத்திலிருந்து 13.5 லட்சம் டாலரில் மெல்போர்னின் வடக்கே ஒரு வீடு வாங்கப்பட்டு, மலேசியாவில் இருக்கும் உறவினர் பெயருக்கும் போனது.

நிறுவனம் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. வீட்டை விற்று வட்டியோடு பணத்தைக் கட்டச் சொல்லி 2022இல் உத்தரவு வந்தது. பின்னாலேயே குற்ற வழக்கும் வந்தது.

உலகம் முழுக்க இதை 'கிரிப்டோ குளறுபடி' என்றே எழுதினார்கள். என்னைக் கேட்டால் இதில் கிரிப்டோவே இல்லை. போனது டாலர். போன வழி வங்கி. வாங்கியவருக்குப் பெயர் இருந்தது, விலாசம் இருந்தது, சம்மன் கொடுக்க ஒரு வாசற்படி இருந்தது. அதனால்தான் ஏழு மாதம் தூங்கி எழுந்த பிறகும் நிறுவனத்தால் துரத்திப் பிடிக்க முடிந்தது.

இதையே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். நிறுவனம் இல்லை, நீங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு செல்போனில் இருக்கும் வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யு.எஸ்.டி.டி. நாணயம் 2,000 அனுப்புகிறீர்கள். 'சக்ஸஸ்' என்று பச்சையாக வருகிறது. எக்ஸ்சேஞ்சில் பார்த்தால் இருப்பு பூஜ்யம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. அப்போதுதான் கண்ணில் படுகிறது, தேர்ந்தெடுத்த நெட்வொர்க் வேறு. நண்பருக்கு போன் போட்டால் கிரிப்டோ தெரிந்த எல்லாரும் சொல்லும் அதே வாக்கியம் வருகிறது: "போனது போனதுதான்."

அது பாதி உண்மை. மீதிப் பாதி, மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அழிரப்பர் இல்லாத பேரேடு

வங்கியில் பேரேடு வங்கியின் கையில் இருக்கிறது. தப்பாக ஒரு வரி எழுதினால் அடுத்த வரியில் அதைச் சரிசெய்ய ஆள் உண்டு, மேலதிகாரி உண்டு, குறைதீர்ப்பாளர் உண்டு. பிட்காயினில் பேரேடு ஊரிலுள்ள எல்லார் கையிலும் ஒரு நகலாக இருக்கிறது. ஒரு வரியை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் அதன் பெருமையே. உங்கள் ரகசியச் சாவி போட்ட கையெழுத்து செல்லுமா என்று மட்டும் அது பார்க்கும். நீங்கள் அந்தக் கையெழுத்தைத் தூக்கக் கலக்கத்தில் போட்டீர்களா என்று கேட்காது.

ஒரு சிறு சந்து மட்டும் உண்டு. அனுப்பிய பரிமாற்றம் பேரேட்டின் அடுத்த பக்கமான பிளாக்கில் ஏறுவதற்கு முன் வரிசையில் காத்திருக்கும். பிட்காயினில் அதே காசை இன்னும் கூடுதல் கட்டணம் கொடுத்து உங்களுக்கே அனுப்பினால், பிளாக்கில் ஏற்றும் வேலையைச் செய்யும் மைனர்கள் பெரும்பாலும் கூலி அதிகம் தருவதையே எடுப்பார்கள், பழையது செத்துவிடும். ஈத்தரிலும் அதே வரிசை எண்ணில் இன்னொரு பரிமாற்றத்தை அதிகக் கட்டணத்தோடு அனுப்பி முந்தையதை ரத்து செய்யலாம். பல வாலட்களில் இதற்கென்றே 'கேன்சல்' பொத்தான் இருக்கிறது. ஆனால் ஈத்தரில் பிளாக் பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று. 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும்.

சரி, ஒரு எழுத்து மாறிவிட்டால்? பலரும் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்படத் தேவையில்லாத தவறு இதுதான். பிட்காயின் விலாசத்தின் கடைசியில் ஒரு சரிபார்ப்புத் துணுக்கு ஒளிந்திருக்கிறது. பழைய வகை விலாசத்தில் நடுவே ஒரு எழுத்தை மாற்றி அடித்தால், அது தப்பித்துப் போக வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. வாலட் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். ஈத்தர் விலாசத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வருவது அழகுக்காக அல்ல, 2016இல் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை அது. முழுக்கச் சின்ன எழுத்தில் அடித்தால்தான் அந்தக் காவல் இல்லாமல் போகும்.

எழுத்துப் பிழையால் காசு போவது அபூர்வம் என்றால், எதனால் போகிறது? விலாசம் சரியாக இருந்து வேறு ஏதோ தப்பாக இருப்பதால்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்

சென்னை திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இது உடனே புரியும். கட்டடத்துக்கு ஒரே கதவு எண், உள்ளே நூறு அறை. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய கடிதத்தில் அறை எண் இல்லை என்றால் அது தொலைந்துபோகாது. மேனேஜர் மேசையில் கிடக்கும். ஆனால் யாருடையது என்று மேனேஜருக்குத் தெரியாது.

எக்ஸ்.ஆர்.பி., ஸ்டெல்லார் போன்ற நாணயங்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது 'டேக்' என்றோ 'மெமோ' என்றோ ஒரு எண்ணைக் கேட்பது இதற்குத்தான். லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும் ஒரே விலாசம், டேக்தான் அறை எண். அதை விட்டுவிட்டு அனுப்பினால் பணம் எக்ஸ்சேஞ்சின் கைக்குப் பத்திரமாக வந்துவிடுகிறது. உங்கள் பெயரில் வரவாகவில்லை, அவ்வளவுதான். கிரிப்டோ தவறுகளிலேயே எளிதில் மீளக்கூடியது இது. அனுப்பிய வாலட் உங்களுடையது என்று காட்டினால் போதும். சில எக்ஸ்சேஞ்சுகள் அதே வாலட்டிலிருந்து தாங்கள் சொல்லும் ஒரு விநோதமான சிறு தொகையை அனுப்பிக் காட்டச் சொல்லும். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு மாதிரி.

நெட்வொர்க் மாறிப்போவது கொஞ்சம் சிக்கல். ஈத்தர், பாலிகான், பி.என்.பி. செயின் மூன்றிலும் விலாசம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரே சாவிதான் மூன்றையும் திறக்கும். ஆகவே உங்கள் சொந்த வாலட்டுக்கே தப்பான நெட்வொர்க்கில் அனுப்பியிருந்தால் ஒன்றும் போகவில்லை. வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் காசு அங்கே உட்கார்ந்திருக்கும். தலையில் கைவைத்து ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தால், சாவி அவர்களிடம் இருக்கிறது. அவர்களால் எடுக்க முடியும். எடுப்பார்களா என்பது வேறு கேள்வி. இணையத்தோடு தொடர்பில்லாத 'குளிர் பெட்டகத்தில்' வைத்திருக்கும் சாவியை வெளியே எடுத்து, தாங்கள் கையாளாத ஒரு நெட்வொர்க்கில் ஒரு பொறியாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சிறு தொகைக்காக இதைச் செய்ய மாட்டோம் என்று விதிமுறையிலேயே எழுதிவைத்திருப்பவர்கள் பலர். காயின்பேஸ் நிறுவனம் 2022 டிசம்பரில், தாங்கள் பட்டியலிடாத ஈத்தர் வகை டோக்கன்களை அனுப்பிவிட்டவர்கள் தாங்களே மீட்டுக்கொள்ள ஒரு கருவியை வெளியிட்டது. 100 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம் கட்டணம். அதுவரை 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஐந்து சதவீதத்தில் வழி பிறந்தது.

இரண்டு முறை சோதித்தும்

'முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பார்' என்பது இந்தத் துறையில் பாலபாடம். நல்ல பாடம்தான். ஆனால் 2022இல் நடந்ததைக் கேளுங்கள்.

ஈத்தரின் மேல் ஓடும் ஆப்டிமிசம் என்ற நெட்வொர்க்கின் அறக்கட்டளை, வின்டர்மியூட் என்ற சந்தை வணிக நிறுவனத்துக்கு 2 கோடி ஓ.பி. டோக்கன்களைக் கடனாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வின்டர்மியூட் ஒரு விலாசம் தந்தது. அறக்கட்டளை ஒரு முறை சோதனைக்காக அனுப்பியது. "வந்ததா?" "வந்தது." இன்னொரு முறை அனுப்பியது. "வந்ததா?" "வந்தது." பிறகு மொத்தத்தையும் அனுப்பியது.

வந்தது உண்மை, அந்த விலாசத்தில் இருப்பு ஏறியதும் உண்மை. ஆனால் அதைத் திறக்க முடியவில்லை. அது ஒருவர் சாவியால் திறக்கும் வாலட் அல்ல, பலர் சேர்ந்து கையெழுத்திடும் நிரல் பெட்டகம். ஈத்தர் நெட்வொர்க்கில் அந்தப் பெட்டகத்தைக் கட்டியிருந்தார்கள், ஆப்டிமிசத்தில் அந்த விலாசம் வெறும் காலிமனை. மனைக்குப் பணம் அனுப்பிவிட்டு, இனிமேல்தான் அங்கே வீடு கட்ட வேண்டும் என்ற நிலை.

அவர்கள் கட்டுவதற்குள் வேறொருவர் கட்டிவிட்டார். ஈத்தரில் பழைய பெட்டகங்கள் உருவான பரிமாற்றங்களை ஆப்டிமிசத்தில் அப்படியே மறுபடி ஓட்டி, அடுத்தடுத்துப் பெட்டகங்களாக உருவாக்கிக்கொண்டே போய், அதே விலாசம் வரும் வரை நிற்கவில்லை. சாவி அவர் கையில். 2 கோடி டோக்கனும் அவர் கையில். கொஞ்சத்தை விற்றார். பிறகு மனம் மாறினாரோ, மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தாரோ, சில நாட்களில் 1 கோடியே 70 லட்சம் டோக்கனைத் திருப்பி அனுப்பினார்.

சோதனை எதைச் சோதிக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டார்கள். காசு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு காசைத் திருப்பி எடுக்க முடிகிறதா என்று பார்க்கவில்லை.

2024 மே மாதம் இன்னொருவருக்குச் சோதனையே வினையானது. பெருந்தொகை அனுப்புவதற்கு முன் சரியான விலாசத்துக்குச் சில்லறையாகக் கொஞ்சம் அனுப்பினார். இப்படிப்பட்டவர்களுக்காகவே கண்ணி வைத்துக் காத்திருக்கும் கும்பல் இருக்கிறது. முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகும் ஒரு போலி விலாசத்தை உருவாக்கி, அதிலிருந்து அவர் வாலட்டுக்கு ஒன்றுமில்லாத ஒரு பரிமாற்றத்தை அனுப்பிவைத்தார்கள். பரிமாற்றப் பட்டியலில் அது மேலே வந்து உட்கார்ந்தது. அவர் அதை நகலெடுத்தார். பிட்காயினை ஈத்தர் நெட்வொர்க்கில் பிரதிநிதித்துவம் செய்யும் 1,155 டோக்கன்கள், ஏறக்குறைய 7 கோடி டாலர், போலியின் வாசலுக்குப் போனது.

பிறகு நடந்தது எந்தக் காவல் நிலையத்திலும் நடக்காதது. பறிகொடுத்தவர் பிளாக்செயினிலேயே செய்தி எழுதிப் பேரம் பேசினார்: பத்து சதவீதத்தை வைத்துக்கொள், மீதியைக் கொடு, இவ்வளவு பெரிய தொகையை உன்னால் வெளுக்க முடியாது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் போல ஆனது. கிட்டத்தட்ட முழுவதும் ஈத்தராகத் திரும்பி வந்தது. 7 கோடி டாலர் என்பதால் உலகத்தின் துப்பறியும் நிறுவனங்கள் எல்லாம் அந்த விலாசத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தன. 70,000 ரூபாயைப் பறிகொடுத்தவருக்கு அந்தக் கண்கள் கிடைக்காது. இதைச் சொல்லாமல் அந்தக் கதையை மட்டும் சொல்வது ஏமாற்று.

திருப்பித் தந்துவிட்டு முணுமுணுத்தவர்

2023 செப்டம்பரில் பேக்ஸோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினை அனுப்ப, ஏறக்குறைய 5 லட்சம் டாலரைக் கட்டணமாகக் கட்டியது. ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுப்பதற்குப் பதில் ஆட்டோவையே வாங்கிக் கொடுத்ததற்கு மேல். மென்பொருளில் இருந்த ஒரு கோளாறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த 19.8 பிட்காயின், பிளாக்கைத் தோண்டிய எஃப்2பூல் என்ற மைனிங் குழுவின் பைக்குப் போனது. அவர்கள் அதைத் தனியே எடுத்துவைத்து, மூன்று நாளுக்குள் உரியவர் வந்து கேட்கட்டும், இல்லையென்றால் மைனர்களுக்குப் பங்கிட்டுவிடுவோம் என்றார்கள். பேக்ஸோஸ் வந்து கேட்டது. குழுவின் இணை நிறுவனர் சுன் வாங் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஏன் ஒப்புக்கொண்டோம் என்று சமூக ஊடகத்தில் பகிரங்கமாகப் புலம்பினார். புலம்பினாலும் கொடுத்தார். எனக்கு அந்தப் புலம்பல் பிடித்திருக்கிறது. மனிதர் நாடகம் போடவில்லை.

2021இல் காம்பவுண்ட் என்ற கடன் தளத்தில், ஒரு மென்பொருள் மாற்றத்தால் பயனர்களுக்குக் கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் தப்பாகப் போனபோது தொனி வேறு மாதிரி இருந்தது. நிறுவனர் ராபர்ட் லெஷ்னர், பத்து சதவீதத்தை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்புங்கள், இல்லையென்றால் வருமான வரித் துறைக்கு உங்கள் வருமானம் என்று தகவல் போகும் என்கிற பாணியில் எழுதினார். யாருக்கும் கட்டுப்படாத தளம் என்று மார்தட்டியவர்கள் வரித் துறையைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே என்று கேலி கிளம்பியது. அது முட்டாள்தனமான பதிவு என்று அவரே பிறகு பின்வாங்கினார். சிலர் திருப்பித் தந்தார்கள், சிலர் தரவில்லை.

யு.எஸ்.டி.டி. கதை இன்னொரு வகை. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் நினைத்தால் எந்த விலாசத்தில் இருக்கும் யு.எஸ்.டி.டி.யையும் முடக்கலாம், அழிக்கலாம், அதே அளவு புதிதாக அச்சிட்டுக் கொடுக்கலாம். நிரலிலேயே அந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது. 2020 செப்டம்பரில் ஒரு நிரல் விலாசத்துக்குத் தவறாகப் போன 10 லட்சம் யு.எஸ்.டி.டி.யை இப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மையமே இல்லாத பணம் என்ற கொள்கைக்கு இது நேர் எதிர். ஆனால் காசைத் தொலைத்தவன் அன்றைக்கு மையத்தைத்தான் தேடுகிறான்.

சிங்கப்பூர் கற்றுக்கொடுத்தது

தளம் தப்புச் செய்தால் தளமே திருத்திக்கொள்ளலாமா? இதற்கு ஆழமாகப் பதில் தேடிய வழக்கு சிங்கப்பூரில் நடந்தது.

2017 ஏப்ரல் 19. குவாய்ன் என்ற நிறுவனம் நடத்திய எக்ஸ்சேஞ்சில் கடவுச்சொற்களை மாற்றியபோது, சந்தை விலையை வெளியிலிருந்து வாங்கித் தரும் மென்பொருளுக்கு அந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டார்கள். விலை வருவது நின்றது. ஆர்டர் புத்தகம் காலியானது. கடன் வாங்கி வணிகம் செய்தவர்களின் கணக்குகளைத் தளம் தானாகவே விற்றுத் தீர்க்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் சந்தையில் மிச்சமிருந்தது பி2சி2 என்ற வணிக நிறுவனத்தின் தானியங்கி நிரல் போட்டுவைத்திருந்த ஒரு அசாத்திய விலை: ஒரு ஈத்தருக்குச் சுமார் 10 பிட்காயின். உண்மையான சந்தை விலையைப் போல 250 மடங்கு. சுமார் 309 ஈத்தர் விற்று, 3,092 பிட்காயின் பி2சி2 கணக்கில் ஏறியது.

மறுநாள் காலை குவாய்ன் இதைப் பார்த்துப் பதறி, எல்லாப் பரிமாற்றங்களையும் தன்னிச்சையாக ரத்து செய்தது. பி2சி2 வழக்குப் போட்டது. உங்கள் விதிமுறையிலேயே நிறைவேறிய ஆர்டரை மாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறதே என்றது.

குவாய்ன் தரப்பின் வாதம் நமக்கெல்லாம் நியாயமாகவே படும்: இந்த விலை பைத்தியக்கார விலை என்று யாருக்கும் தெரியும், தவறான ஒப்பந்தம் செல்லாது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி, மற்றவர் தவறு செய்கிறார் என்று எதிர்த் தரப்புக்குத் தெரிந்திருந்ததா என்பது. இங்கே எதிர்த் தரப்பில் இருந்தது ஒரு நிரல். அதற்கு என்ன தெரியும்? நிரலை எழுதியவரின் மனதைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அவர் எழுதிய நேரத்தில் என்றது நீதிமன்றம். அந்த விலையை அவர் ஒரு பாதுகாப்பு வேலியாகப் போட்டுவைத்திருந்தார், யாரையும் ஏமாற்ற அல்ல. 2020 பிப்ரவரி 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் உட்பட, ரத்து செய்தது ஒப்பந்த மீறல் என்றார்கள்.

ஐந்தாமவர் ஜொனாதன் மான்ஸ் உடன்படவில்லை. ஒரு நேர்மையான வியாபாரி அந்த விலையைக் கண்ணால் பார்த்திருந்தால் எங்கோ அடிப்படையிலேயே தவறு நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொண்டிருப்பார், இயந்திரம் என்பதற்காக அந்தப் பொது அறிவைக் கைவிட முடியுமா என்று கேட்டார். சட்டம் நால்வர் பக்கம். என் மனம் அந்த ஒருவர் பக்கம். ஆனாலும் இந்தத் தீர்ப்பு வாடிக்கையாளருக்கு ஒரு கவசம்: தளம் தன் விதிமுறையைத் தானே தாண்டி உங்கள் கணக்கில் கைவைக்க முடியாது. நாளைக்கு உங்கள் கோரிக்கையை 'விதிமுறைப்படி முடியாது' என்று அவர்கள் தள்ளும்போது, அந்த விதிமுறை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்பது நினைவிருக்கட்டும்.

தென் கொரியாவில் வேறு திசை. 2018இல் முன்பின் தெரியாதவரின் வாலட்டிலிருந்து தப்பாக வந்த 199.999 பிட்காயினை ஒருவர் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. 2021 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகாது, கிரிப்டோவைச் சட்டபூர்வ நாணயம் போல நடத்த முடியாது என்றது. சிவில் வழக்கில் திருப்பிக் கேட்பது தனி. ஆனால் சிறைக்குப் போவார் என்ற பயம் போனால் எத்தனை பேர் திருப்பித் தருவார்கள்?

1872இல் ஒரு நூறு ரூபாய்

நம் நாட்டில் கிரிப்டோவுக்கென்று முழுமையான ஒரு சட்டம் இல்லை. லாபத்தில் 30 சதவீத வரி உண்டு, பரிமாற்றத்தில் 1 சதவீதப் பிடித்தம் உண்டு, 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. தவறிப் போனதைத் திருப்பிக் கேட்க ஏதாவது உண்டா என்று தேடினால், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதியது கைகொடுக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 72: தவறுதலாகப் பணம் பெற்றவர், அல்லது ஒரு பொருளைப் பெற்றவர், அதைத் திருப்பித் தர வேண்டும். சட்டத்திலேயே ஒரு சின்ன உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கு 100 ரூபாய் கடன். ஒருவர் முழுவதையும் கட்டிவிட்டார். அது தெரியாமல் மற்றவரும் கட்டிவிட்டார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்பித் தர வேண்டும். கைக்கு வந்ததைத் தனதில்லை என்று தெரிந்தே நேர்மையற்ற முறையில் அனுபவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 314 இருக்கிறது.

கிரிப்டோ அந்தப் 'பொருள்' ஆகுமா? 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்பு இங்கேதான் முக்கியம். வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் நடந்த பெரும் களவுக்குப் பிறகு எல்லாக் கணக்குகளும் முடக்கப்பட்டன. களவு போனது ஈத்தர் வகை டோக்கன்கள். வழக்குப் போட்ட சென்னை வாடிக்கையாளரிடம் இருந்ததோ 3,532.30 எக்ஸ்.ஆர்.பி., களவுக்குச் சம்பந்தமில்லாத நாணயம். அதையும் சேர்த்து நஷ்டத்தை எல்லார் தலையிலும் பகிர்ந்தளிக்கப் பார்த்தார்கள். நீதிபதி ஒப்பவில்லை. கிரிப்டோ தொட்டுணரும் பொருளும் இல்லை, நாணயமும் இல்லை, ஆனால் சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார். வழக்கு சிங்கப்பூரில் நடக்க வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்காமல், சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரச் சொன்னார்.

சொத்து என்று ஆகிவிட்டால் 'வெறும் கணினி எண்தானே' என்று மறுமுனையில் இருப்பவர் கைவிரிக்க முடியாது. மேன்ஷன் மேனேஜர் மேசையில் கிடக்கும் கடிதம் மேனேஜருடையது ஆகாது.

மேனேஜரிடம் போகும்போது எப்படிப் போக வேண்டும்? முதலில் உங்கள் பரிமாற்ற எண்ணை, பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போட்டுப் பார்த்து, பணம் நிற்கும் விலாசம் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையதா, எக்ஸ்சேஞ்சினுடையதா, நிரல் ஒன்றினுடையதா? எக்ஸ்சேஞ்ச் என்றால் அவர்களின் செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்தில் டிக்கெட் போடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள், அங்கே காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். பரிமாற்ற எண், நாணயம், நெட்வொர்க், தொகை, நேரம், அனுப்பிய விலாசம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். கோபத்தை எழுதாதீர்கள், படிப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பையன். இழுத்தடித்தால் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, பிறகு வக்கீல் நோட்டீஸ். ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால் மணிக்கணக்கு முக்கியம்: சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் போடுங்கள், களவுக்காசு ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் அங்கே முடக்க வழி உண்டு.

இதற்கிடையில் உங்கள் இன்பாக்ஸுக்கு ஒருவர் வருவார். தொலைத்த கதையை எங்கேயாவது வெளியே சொன்ன சில நிமிடத்தில் வருவார். கிரிப்டோ மீட்பு நிபுணர், ஹேக்கர், சில நேரம் வக்கீல். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்தப் போலி மீட்பு ஆட்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்பார், அல்லது வாலட்டைத் திறக்கும் 12 ரகசிய வார்த்தைகளைக் கேட்பார். பிளாக்செயினில் ஏறிய பரிமாற்றத்தைத் திருப்பும் வித்தை பூமியில் எந்தத் தனி ஆளிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்பவர் மிச்சமிருப்பதையும் எடுக்க வந்தவர்.

யாருமே இல்லாதபோது

2017 நவம்பர் 6. பாரிட்டி என்ற நிறுவனம் எழுதிய பல கையெழுத்து வாலட்கள் எல்லாம் ஒரே பொது நிரலை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வீதி முழுக்க ஒரே மோட்டாரில் தண்ணீர் ஏற்றுவதுபோல. அந்தப் பொது நிரலுக்கு உரிமையாளர் என்று யாரையும் பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். டெவ்ஆப்ஸ்199 என்ற புனைபெயரில் ஒருவர் தன்னை உரிமையாளராக்கிக்கொண்டு, அழித்துவிடு என்ற கட்டளையையும் தட்டினார். பிறகு, தெரியாமல் கொன்றுவிட்டேன் என்று நிரல்காரர்கள் பேசும் இடத்தில் போய் எழுதினார்.

587 வாலட்கள், 5,13,774 ஈத்தர். யாரும் திருடவில்லை. யார் கையிலும் இல்லை. திறக்கும் நிரல் செத்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் இல்லை, மைனர் இல்லை, பேரம் பேச ஒரு திருடன்கூட இல்லை.

அதற்கு ஓர் ஆண்டுக்கும் மேல் முன்பு, 2016 ஜூலையில், தி டாவ் என்ற திட்டத்திலிருந்து பறிபோன 36 லட்சம் ஈத்தரை மீட்க ஈத்தர் சமூகம் தன் பேரேட்டையே பிரித்து எழுதியிருந்தது. அப்போது ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய பேரேட்டோடு ஈத்தர் கிளாசிக் என்று தனியே போனார்கள். 'எங்களுக்கும் அப்படிச் செய்யுங்கள்' என்று பாரிட்டி தரப்பு 2018 ஏப்ரலில் ஒரு திருத்தத்தை முன்வைத்தது. வாக்கெடுப்பு நடந்தது. எதிர்ப்பு அதிகம். ஒருமுறை திருத்தியதே போதும் என்றார்கள் சிலர். முன்பு திருத்தியபோது உங்கள் பணமும் அதில் இருந்தது, அதனால் திருத்தினீர்கள் என்றார்கள் சிலர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

அந்தப் பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் விலாசங்களைப் போட்டால் இருப்பு தெரியும். ஈத்தரின் விலை ஏறும்போது பக்கத்தில் இருக்கும் டாலர் மதிப்பும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது.